ஆம்பூரில் நான் சொன்ன சாட்சி

கொழும்பில் என் மாமாவின் கடை வாசலுக்கு மேலே எட்டடி நீளமுள்ள பலகை ஒன்று தொங்குகிறது. அதில் நீல எழுத்தில் "சப்பாத்துக் கடை" என்று எழுதியிருக்கும். பாதத்தை மூடும் தோலணியை இலங்கைத் தமிழர் அப்படித்தான் அழைப்போம். இந்தியக் கரையில் ஜோடு என்பார்கள், பூட்ஸ் என்பார்கள். படித்தவர்கள் பாதரட்சை என்பார்கள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். ஆம்பூருக்கு நான் போனதற்குக் காரணம் அந்தக் கடை. அங்கே நான் செய்துவிட்டு வந்த பிழைக்குக் காரணம் அந்தப் பலகை.

பயணம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்ததற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னையில் மாணவர்கள் நடத்திய சொற்போர் ஒன்றில், பிறமொழிக் கலப்பில்லாத தமிழே பேச வேண்டும் என்னும் கட்சியில் நின்று பேசி வென்றிருந்தேன். கைதட்டலின் ஓசை காதை விட்டு நீங்குமுன் மாமாவின் கடிதம் வந்தது. "திரும்புமுன் ஆம்பூருக்குப் போய், நமக்குப் புதிதாகத் தோல் அனுப்பும் ஹாஜியாருடைய சரக்கை நேரில் பார்த்து வா. பேசாதே, பார்." கடைசி இரண்டு சொற்களை மாமாவின் வழக்கமான குறும்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆம்பூர் கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. சுண்ணாம்பும் ஈரத்தோலும் மரப்பட்டையும் சேர்ந்த அந்த வாடை ரயில் நிற்பதற்கு முன்பே பெட்டிக்குள் ஏறிக்கொண்டது. நான் கைக்குட்டையை எடுத்தேன். எடுத்ததை ஊரே பார்த்துவிட்டது போலும். நிலையத்துக்கு வெளியே ஜட்கா வண்டியில் என்னோடு ஏறிக்கொண்ட இரு வியாபாரிகள் உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

என்னை அழைத்துப்போக வந்திருந்தவரிடம் அதன் பொருளைக் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "முதல் ஆள் சொன்னாரு, 'இந்தப் பையன் மூக்கைப் பொத்தறதைப் பாத்தா தோல் வாங்க வந்தவன் இல்லை.' ரெண்டாவது ஆள் சொன்னாரு, 'காலைப் பாரு, அவன் மேல இருக்கிறதுலயே அந்தத் தோல்தான் அழகு.' கோச்சுக்காதீங்க சார். இங்க எல்லாரும் முதல்ல காலைத்தான் பாப்பாங்க."

இப்படித்தான் யாகூபை அறிந்தேன். ஹாஜியாரின் தோல் பதனிடும் சாலைக்கு (அங்கே அதைத் தோல்ஷாப்பு என்கிறார்கள்) கடிதம் எழுதும் குமாஸ்தா அவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லியான உடல், சிவப்புத் துருக்கித் தொப்பி, சட்டைப் பையில் பேனா. கையில் ஆட்டுத்தோல் அட்டை போட்ட நீண்ட நோட்டுப் புத்தகம். வீட்டில் உருது, தோல்ஷாப்பில் தமிழ், கடிதத்தில் ஆங்கிலம் என மூன்று மொழியும் அவர் நாவில் தடையின்றி வந்தன. எங்கள் கடைக்கு வந்த கடிதங்களை எழுதியவர் அவரே.

"உங்க மாமா எழுதற கடுதாசியில 'சப்பாத்துக்கு ஏற்ற தோல்'னு வரும்" என்றார் வண்டி குலுங்க. "முதல் தடவை படிச்சப்போ இன்னாடா இதுன்னு முழிச்சேன். அன்னிலேர்ந்து இலங்கைக்காரர் ஒருத்தரை நேர்ல பாக்கணும்னு ஆசை. நோட்டுக்கு."

நோட்டு என்றால் என்னவென்று மறுநாள் தெரிந்தது.

காலையில் தோல்ஷாப்பைச் சுற்றிப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தொட்டிகள். சிலவற்றில் சுண்ணாம்பு நீர்; சிலவற்றில் ஆவாரம்பட்டை ஊறிய செந்நிற நீர். இடுப்பளவு நீரில் இறங்கி நின்று தோலைப் புரட்டியவர்களின் கைகள் முழங்கை வரை பட்டை நிறமாகவே மாறியிருந்தன. கொழும்புக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் பொருள் இத்தனை பேரின் கை நிறத்தை வாங்கிக்கொண்டு வருகிறது என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அதை மாமாவுக்கு எழுத வேண்டுமென்று குறித்துக்கொண்டேன். எழுதவில்லை.

யாகூப் ஒவ்வொரு தொட்டியாக நின்று, கருவிகளின் பெயரையும் வேலைகளின் பெயரையும் சொல்லிக்கொண்டு வந்தார். சொன்ன கையோடு அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் சொன்னார். கம்மி பாரசீகத்துக்காரன், ஜாஸ்தி அரபியில் பிறந்து பாரசீகத்தில் வளர்ந்து இங்கே வந்தவன், பேஜார் பாரசீகத்தில் வெறுத்துப்போனவன், இங்கே தொல்லையாகிவிட்டான், மேஸ்திரி பறங்கிக் கப்பலில் வந்து இறங்கியவன். ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலச் சொற்களைப் பற்றிப் பேசினார்.

"நான் பறங்கியாமே!" என்றார் அருகில் நின்ற மாணிக்கம் மேஸ்திரி. தொட்டிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "இவரு சொன்னதுக்கு அப்புறம் ஷாப்புல ஒரு பய என்னை மதிக்கறதில்ல சார். 'பறங்கி வர்றான், பறங்கி வர்றான்'னு கிண்டல். ஆனா நோட்டைப் பாத்தீங்களா? எம்பேரு பதினேழு எடத்துல இருக்குது. ஹாஜியார் பேரு மூணே எடம்தான்."

வேடிக்கை என்று நினைத்தேன். யாகூப் நோட்டை விரித்துக் காட்டியபோது அது உண்மையென்று தெரிந்தது. ஒவ்வொரு சொல்லின் கீழும் பொருள், பிறந்த மொழி, அதற்குக் கீழே பெயர்கள். 'இதைச் சொன்னவர் மாணிக்கம், தகப்பனார் பெயர் இன்னது, தொட்டி மேஸ்திரி. அவருக்குச் சொன்னவர் அவருடைய சிறிய தகப்பனார்' என்று சொல்லைச் சொன்னவரும் அவருக்குச் சொன்னவரும் சங்கிலிபோல எழுதப்பட்டிருந்தார்கள். வேலூர்ச் சந்தையில் தோல் தரம் பிரிப்பவர், குடியாத்தத்து நெசவுக்காரர், அணைக்கட்டிலிருந்து பட்டை கொண்டு வரும் வண்டிக்காரர் என நூற்றுக்கணக்கான பெயர்கள்.

"இது எதற்கு?" என்று கேட்டேன். "சொல் சரியென்றால் போதாதா?"

"மதரசாவுல நபிமொழி படிக்கறப்போ இப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க சார். இன்னாரு சொல்லக் கேட்டு இன்னாரு சொன்னாரு, அவருகிட்ட கேட்டு இவரு சொன்னாருன்னு கடைசி வரைக்கும் போகணும். இது அந்த மாதிரி புனிதம் இல்லைதான், வெறும் வார்த்தை. ஆனா வழி நல்ல வழி. சொன்னவன் யாருன்னு தெரிஞ்சாத்தான் சொல்லை நம்பலாமா வேணாமான்னு தெரியும்."

"ஒருவர் பொய் சொல்லியிருந்தால்?"

"தெரியாம தப்பா சொன்னா அந்த வார்த்தை மட்டும் போகும். தெரிஞ்சே பொய் சொன்னாருன்னா அவரு சொன்னது அத்தனையும் போகும். நெசமா இருந்தாலும் போகும். அதுதான் விதி." பேனாவால் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். உங்க ஊர் வார்த்தை. நாப்பது பக்கம் காலியா வெச்சிருக்கேன்" என்றார்.

அன்று பகல் முழுவதும் சொன்னேன். சாவியை நாங்கள் திறப்பு என்போம் என்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "திறப்பு! நாங்க சாவி சாவின்னு பறங்கி வார்த்தையைச் சொல்லிட்டு இருக்கோம், உங்ககிட்ட திறப்பு இருக்குது! மாணிக்கம், கேட்டியா?" என்று கத்தினார். சந்துக்கு ஒழுங்கை, ஓலைப் பைக்கு உமல், பிட்டு அவிக்கும் ஓலைக் கூடைக்கு நீத்துப்பெட்டி, மரமேறக் காலில் மாட்டும் கயிற்றுக்குத் தளைநார் என்று நாற்பது சொற்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் கீழும் என் பெயர். எனக்குச் சொன்னவராக யாழ்ப்பாணத்தில் பிறந்த என் தாயார், தாயாருக்குச் சொன்னவராக அவர் தாயார். என் வாழ்நாளில் மேடையில் கிடைத்த மாலைகளைவிட அந்த நாற்பது வரிகள் மதிப்புள்ளவை. அன்று எனக்கு அது தெரியவில்லை.

மதிய உணவு பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, அளவான காரம், தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய். கொழும்பில் இதே பெயரில் விற்கும் சோற்றில் மஞ்சள் நிறம் அதிகம், மணம் குறைவு. என் வீட்டார் சைவ உணவுக்காரர். மாமா அறியக்கூடாதென்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கினேன்.

"கதிரையை இழுத்துப் போடுங்கள்" என்று சாப்பிடும்போது சொன்னேன்.

யாகூப் கையை உதறிவிட்டு இடக்கையால் நோட்டை இழுத்தார். "கதிரை. நாற்காலிக்கா? இதுவும் பறங்கிதான் சார், பந்தயம் கட்டறேன்."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ஊர்ப் படிப்பகத்தில் கூட்டம். சென்னையில் வென்று வந்தவன் என்று என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அதே கூட்டத்தில் இன்னொரு காரியமும் நடக்கவிருந்தது. யாகூபின் நோட்டைத் தம் செலவில் அச்சிடுவதாக ஹாஜியார் முன்பே வாக்களித்திருந்தார்; படித்தவர்கள் முன்னிலையில் சில பக்கங்கள் வாசிக்கப்பட்டு, வெளியூர் விருந்தினர் நல்வார்த்தை சொல்ல, அறிவிப்பு வர வேண்டும். அந்த விருந்தினன் நானே. தொழிலாளர்கள் முப்பது பேர் குளித்துத் தலைவாரி, சுவரோரம் நின்றிருந்தார்கள். தம் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்க வந்தவர்கள். மாணிக்கம் மேஸ்திரி தம் மகளைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

முதலில் நான் பேசினேன். தமிழ் கலப்பற்ற நீரூற்று. அதில் பிறமொழி என்னும் சாக்கடை கலக்க விடலாமா என்று கேட்டேன். தோல்ஷாப்புக் கழிவு பாலாற்று மணலில் ஓடும் ஊரில் அந்த உவமை நன்றாகவே எடுபட்டது. பிறகு யாகூப் வாசித்தார். எங்கள் விருந்தினரைச் சிறப்பிக்க அவர் ஊர்ச் சொல் ஒன்றோடு தொடங்குகிறேன் என்று கூறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்:

"சப்பாத்து. பாதத்தை மூடும் தோலணி. போர்த்துக்கீசு மொழிச் சொல். இதைச் சொன்னவர் சென்னைத் துறைமுகத்தில் கண்ட கோவா நாட்டுக் கப்பல்காரர்."

அவையில் யாரோ என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். சிறிய சிரிப்புத்தான், பகையில்லாதது. இப்போது நினைத்தால் நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.

நான் எழுந்தேன். தலைவரின் அனுமதியைக்கூட முறையாகக் கேட்கவில்லை. சப்பட்டையாய் இருந்து பாதத்தைப் பற்றுவதால் அது சப்பாத்து. சப்பையும் பற்றும் சேர்ந்த செந்தமிழ்ச் சொல். எங்கள் முன்னோர் காலில் அணிந்தது, எங்கள் கடைப் பலகையில் பொறித்தது என்றேன். அந்த விளக்கம் அந்த நிமிடத்தில், அந்த மேடையில், என் வாயில் பிறந்தது. வேறெங்கும் அது இருந்ததில்லை. ஆனால் குரல் தயங்கவில்லை. தயங்காமல் பேசுவதற்கே எனக்குப் பயிற்சி. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும். "பெயர் தெரியாத கப்பல்காரனும், எழுத்தறியாத தொட்டிக்காரனும் தமிழுக்குச் சாட்சியா? சேற்றில் நிற்பவனைக் கேட்டுச் செந்தமிழ் எழுதுவதா?" என்று முடித்தேன்.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. சுவரோரம் நின்றவர்களும் தட்டினார்கள். தங்களைத்தான் சொன்னேன் என்பது சிலருக்கு உடனே விளங்கவில்லை.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே எழுந்தார். "நம்ம யாகூப் நல்ல பையன். ஆனா விருந்தாளி படிச்சவரு, இன்னா அழகா பேசறாரு! அந்த ஒரு வார்த்தையே தப்புன்னா அச்சுல வந்தா நம்மூருக்குத்தான் அசிங்கம். யாகூப் எழுதினது சரின்னு இலங்கை சார் ஒத்துக்கிட்டாருன்னா சொல்லுங்க, மறுநாளே மதராசுக்கு அனுப்பி அச்சுக்குக் குடுக்கறேன். அது வரைக்கும் நிக்கட்டும்."

கூட்டம் கலைந்தபோது மாணிக்கம் மேஸ்திரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். "நல்லா பேசினீங்க சார்" என்றார். கேலி இல்லை. "எம்பேரை வாசிக்கறதை இவ கேக்கட்டும்னு கூட்டியாந்தேன். பரவால்ல. இன்னொரு நாளு."

நான்காம் நாள் வேலூருக்குப் போனேன். கோட்டையைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பது ஒரு காரணம். யாகூபின் முகத்தைப் பார்க்க இயலாமை மற்றொரு காரணம். பேருந்து விரிஞ்சிபுரத்துக்கு அருகில் நின்றுவிட்டது. ஓட்டுநர் முன்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "எல்லாரும் எறங்குங்க. ஒரு கை போடுங்க" என்றார். கோயில் கோபுரம் தெரியும் தூரத்தில் இருபது பேர் வண்டியைத் தள்ளினோம். "ஏன் சாமி, சட்டை அழுக்காய்டுமேன்னு ஒத்தை விரலால தள்றீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். மானம் போகவே முழு வலிமையோடு உந்தினேன். வண்டி கிளம்பியது. என் வலக்கால் சப்பாத்தின் அடித்தோல் பிய்ந்து வாய் பிளந்தது. தோல் சரக்கைத் தரம் பார்க்க வந்தவன், அன்று வேலூர்க் கடைத்தெருவில் நொண்டிக்கொண்டே நடந்தேன்.

கடைத்தெரு முடிவில் ஒரு சிறிய தோல் தையல் கூடம். உள்ளே சிலுவை மாட்டிய சுவர். ஒரு நடுவயதுக்காரரும் அவர் மனைவியும். என் காலைப் பார்த்ததும் அவர் மனைவியிடம் தம் மொழியில் ஏதோ சொன்னார். நீண்ட வாக்கியம். ஒன்றும் விளங்கவில்லை, நடுவில் ஒரே ஒரு சொல் தவிர. அந்தச் சொல் என் மாமாவின் பலகையிலிருந்து இறங்கி வந்ததுபோல, எழுத்து மாறாமல் என் காதில் விழுந்தது.

"இப்போது என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"ஒண்ணும் தப்பா சொல்லலை சார். 'இந்த ஐயாவோட சப்பாத்து நல்ல சரக்கு, கெட்டி நூலா எடு'ன்னேன். நான் கோவா. எங்க ஊரை ஆள்றவங்க பாஷையில ஜோட்டுக்கு அதான் பேரு. இந்தியா பூரா சுத்திட்டேன், வேற ஒருத்தருக்கும் புரியாது. உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்."

"அங்கியும் போய்ட்டாங்களா, பாவிங்க!" என்று சிரித்துவிட்டு ஊசியைக் குத்தினார். "போற எடத்துல எல்லாம் மாதாகோயிலும் சப்பாத்தும் வெச்சிட்டுத்தான் போயிருக்காங்க."

முக்காலியில் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கோவாக்காரர் சொன்னது தற்செயலாக இருக்கலாம் என்று ஒரு வாதம் எழுந்தது. கப்பல்காரரும் இவரும் ஆக இருவர் என்று மறுவாதம் எழுந்தது. பலகை, கதிரை, சமையலறைக்கு நாங்கள் சொல்லும் குசினி, காலையில் தின்னும் ரொட்டியான பாண் எல்லாம் வரிசையாக எழுந்து எதிர்க்கட்சியில் போய் நின்றன. உள்ளுக்குள் நடந்த அந்தச் சொற்போரில் எனக்கு ஐயமேயில்லை; தோற்றுவிட்டேன். ஆம்பூருக்குத் திரும்பும் வழியெல்லாம், யாகூபிடம் எப்படிச் சொல்வது என்று அழகான வாக்கியங்களாக அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு ரயில். படிப்பகத்தார் எட்டுப் பேர் மாலையோடு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் முடிவுரையை அப்படியே ஒப்பித்துக் காட்டினார். "சேத்துல நிக்கறவனைக் கேட்டு, அடடா!" என்றார் மற்றொருவர். அந்த வேளையில் யாகூப் ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு கையில் வாழையிலையில் கட்டிய பிரியாணிப் பொட்டலம். மற்றக் கையில் நோட்டு.

"வழியில சாப்பிடுங்க சார். மாமாகிட்ட சொல்லாதீங்க" என்று பொட்டலத்தைக் கொடுத்தார். கோபத்தின் நிழல்கூட அந்த முகத்தில் இல்லை. பிறகு நோட்டை விரித்தார்.

"ரெண்டு நாளா யோசிச்சிட்டேன். கோவாக்காரனை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். பேரு கூடப் பாதிதான் தெரியும். உங்ககூட மூணு நாளு இருந்தேன். நாப்பது வார்த்தை சொன்னீங்க, ஒண்ணும் சோடை இல்லை. ரெண்டு பேரு வேற வேற சொன்னா நம்பிக்கையான ஆளு சொன்னதைத்தான் எடுக்கணும். அதான் கேக்க வந்தேன்." பேனாவின் மூடியைக் கழற்றினார். "மேடை வேற, நோட்டு வேற சார். நோட்டுக்குச் சொல்லுங்க. அது தமிழா?"

வாய்ப்பு இதைவிடத் தெளிவாக ஒருவனுக்குக் கிடைக்காது. 'இல்லை' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு ஹாஜியார் அச்சுக்கு அனுப்பக் காத்திருந்தார். என் வலக்காலில் கோவாக்காரர் போட்ட தையல் புதிதாக இறுகிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அடுக்கி வைத்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. எட்டுப் பேர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கழுத்தில் அவர்கள் போட்ட மாலை.

"தமிழ்தான்" என்றேன்.

யாகூப் நோட்டைத் தூணில் வைத்து, கோவாக்காரரின் வரியை அடிக்கோல் வைத்ததுபோல நேராக அடித்தார். அதற்குக் கீழே புதிய வரி எழுதினார். என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க அப்பா பேரு எழுதிக்கிட்டேன், ஒரு எழுத்து சந்தேகமா இருக்குது. ஒருக்கா சொல்லுங்க சார், பேரு பிழையா இருக்கக் கூடாது."

என் தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

கொழும்புக்கு வந்தபின் மாமாவிடம் சரக்கைப் புகழ்ந்தேன். கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன், வென்றதாகவே. மாமா கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சப்பாத்து பறங்கிச் சொல்லடா. பலகை எழுதின அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிந்துமா எழுதினீர்கள்?"

"சனத்துக்கு விளங்குதே. காலுக்கு அளவாய் இருந்தாச் சரி." மறுபடி குனிந்துகொண்டார். "பேசாதே எண்டு எழுதினனான்."

உண்மையை எழுத எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதற்குள் ஐந்து மேடைகள் ஏறினேன்; ஒவ்வொன்றிலும் வெற்றி. ஒவ்வொரு முறையும் கைதட்டலுக்கிடையே ஒரு பேனா காகிதத்தில் கோடு இழுக்கும் ஓசை கேட்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அலங்காரம் எதுவுமின்றி எழுதினேன்: மேடையில் சொன்னது அப்போதே புனைந்தது, ரயில் நிலையத்தில் சொன்னது தெரிந்தே சொன்ன பொய், கோவாக்காரர் சொன்னதே சரி.

மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. வியாபாரக் கடிதம் எழுதும் அதே திருத்தமான கையெழுத்து.

"அன்புள்ள ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. கோவாக்காரரின் வரியை மறுபடி எழுதிவிட்டேன். தாங்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்றே, பிழையை நீக்கிவிட்டதாக ஹாஜியாரிடம் சொன்னேன். 'ஒன்று பிழை என்று நீயே ஒப்புக்கொண்டால் இன்னும் எத்தனை பிழையோ' என்று சொல்லி அச்சிடும் எண்ணத்தை விட்டுவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. மாணிக்கம் மேஸ்திரி சலாம் சொல்லச் சொன்னார். தாங்கள் சொன்ன மற்ற நாற்பது சொற்களையும் விதிப்படி அடித்துவிட்டேன். அவை உண்மையான சொற்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. திறப்பு என்னும் சொல்லை அடிக்கும்போது மட்டும் கை சற்று நின்றது. இவற்றை நான் வேறு எவரிடமும் கேட்டறிய வழியில்லை. ஆகையால் ஓர் உதவி: உண்மை பேசும் யாழ்ப்பாணத்தார் ஒருவரைத் தாங்கள் அறிந்திருந்தால், அவரிடம் இச்சொற்களைக் கேட்டு, அவர் பெயரோடும் தகப்பனார் பெயரோடும் எழுதி அனுப்புங்கள். நோட்டில் இடம் வைத்திருக்கிறேன்."

அதில் பழிச்சொல் ஒன்றேனும் இருக்கிறதா என்று பலமுறை தேடினேன். இருந்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன்.

மறுநாள் கடையின் பின்கட்டுக்குப் போனேன். அங்கே எங்களிடம் இருபது வருடமாகத் தையல் வேலை செய்யும் சின்னத்தம்பி ஈரத்தோலை முழங்காலில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தவர், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். அவர் எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்தேன். தாளை எடுத்து, கதவைப் பூட்டித் திறக்கும் அந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"திறப்பு" என்றார். சுத்தியல் நின்றது. "ஏன் தம்பி, இது உங்களுக்கே தெரிஞ்ச சொல்லுத்தானே? என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

எத்தனையோ அவைகளில் எதிர்வாதத்துக்குப் பதில் சொன்னவன் நான். தாளில் 'திறப்பு' என்று எழுதினேன். அதன் கீழே, "உங்கள் தகப்பனார் பெயர் என்ன, அண்ணை? பிழையில்லாமல் எழுத வேணும்" என்று கேட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.